மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு போடுவதா, வேண்டாமா? போட்டால் எது?

குழந்தை தவழ ஆரம்பித்த வாரத்திலேயே இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும். நேற்று வரை விட்ட இடத்திலேயே கிடந்த பிள்ளை, இன்று நாம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அறையின் மறுகோடியில் இருக்கிறது. அந்தக் கோடியில் மாடிப்படி இருந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

என்னிடம் கேட்கிறவர்களின் குழப்பம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "கதவு போட்டால் குழந்தை படியேறவே கற்றுக்கொள்ளாதோ?" "சுவரில் ஓட்டை போட மனசில்லை, சும்மா அழுத்தி நிறுத்துகிற கதவு போதுமா?" "கூடவே இருந்து பார்த்துக்கொண்டால் கதவே தேவையில்லையே?" எல்லாமே நியாயமான கேள்விகள். எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது என்பதால்தான் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவழத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வயது வரை மாடிப்படிக்குக் கதவு வேண்டும். ஆனால் கதவை வாங்கி மாட்டுவது பாதி வேலைதான். ஒரு நாளைக்கு முப்பது தடவை அதைத் திறக்கிறோம், முப்பது தடவையும் சாத்த வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சலிக்காமல் சாத்துகிற கதவு எதுவோ, அதுதான் உங்களுக்கான கதவு.

இதை நான் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. மாடிப்படியில் விழுந்து அடிபட்ட 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி இங்கிலாந்தில் நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. கதவு வைத்து அதைச் சாத்தியே வைத்திருந்த வீடுகளோடு ஒப்பிட்டால், கதவே இல்லாத வீடுகளில் விழுந்து அடிபடும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. கதவு இருந்தும் திறந்து போட்டிருந்த வீடுகளில் சுமார் மூன்று மடங்கு. திறந்து கிடக்கிற கதவு, கதவு இல்லாததைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. கதவு இருக்கிறது என்ற நினைப்பில் நம் கண் சற்று அயர்ந்துவிடுகிறது, அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கும் அது நடந்தது. பெரியவளுக்கு அப்போது பதின்மூன்று மாதம். மேல்படியில் நல்ல கதவு மாட்டியிருந்தோம். மடித்த துணிகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேலே வந்தேன். துணியை வைத்துவிட்டு வந்து சாத்திக்கொள்ளலாம் என்று அறைக்குள் போய்விட்டேன். அலமாரியை மூடிவிட்டுத் திரும்பினால், கதவின் நிலைக்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முதல் படியில் நிற்கிறாள். ஒரு கால் அடுத்த படியைத் துழாவிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் பிடி விட்டுப்போகும் என்று அந்தக் கணத்தில் எப்படியோ தோன்றியது. நாலு எட்டில் போய்த் தூக்கினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எந்தக் கதவு என்பதை நான் பார்க்கிற விதம் அன்றோடு மாறிப்போயிற்று.

## எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது?

எந்த இடம் என்பதுதான் முதல் கேள்வி. மேல்படியும் கீழ்ப்படியும் ஒன்றல்ல. கீழ்ப்படியில் கதவு பெயர்ந்தால் குழந்தை ஏற ஆரம்பிக்கும், நமக்குச் சில நொடிகளாவது கிடைக்கும். மேல்படியில் கதவு பெயர்ந்தால் கதவும் குழந்தையும் சேர்ந்தே உருளும். அதனால் மேல்படிக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

தள்ளினால் நிற்குமா? ஒரு வயதுப் பிள்ளை கதவைப் பிடித்து ஆட்டும், முதுகைச் சாய்த்து முட்டும், விளையாட்டு வண்டியைக் கொண்டுவந்து மோதும். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப்1004, சுமார் 13.6 கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளினாலும் கதவு பெயரக்கூடாது என்கிறது. 2021 ஜூலை முதல் அங்கே இது சட்டப்படி கட்டாயம். ஐரோப்பாவில் இதற்கான தரம் ஈ.என். 1930. பெட்டியில் இந்த இரண்டில் ஒன்றாவது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாய், பூனைக்கென்று விற்கிற தடுப்புகள் குழந்தைகளுக்காகச் சோதிக்கப்பட்டவை அல்ல.

ஒரு கையால் திறந்து, ஒரு கையால் சாத்த முடியுமா? இன்னொரு கையில் குழந்தை இருக்கும், அல்லது துணி மூட்டை இருக்கும். இரண்டு கையும் கேட்கிற கதவு இரண்டே வாரத்தில் திறந்தே கிடக்கும்.

நம் காலில் தட்டுமா? இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை மாடிப்படியில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 9,32,000 பேர். ஆறு நிமிடத்துக்கு ஒரு குழந்தை என்ற கணக்கு. அவர்களில் ஒரு வயது நிரம்பாதவர்களை மட்டும் எடுத்தால், நான்கில் ஒரு குழந்தை பெரியவர் கையில் இருந்தபோது அடிபட்டிருக்கிறது. தூக்கிக்கொண்டு போகிற நாம் தடுக்கினால் விழுவது இரண்டு பேர்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ஆறு வயது அண்ணன், முழங்கால் வலியுள்ள பாட்டி, வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று எல்லாருடைய கைக்கும் அந்தத் தாழ்ப்பாள் அடங்க வேண்டும்.

கடைசியாக, எத்தனை காலம். கதவு ஏறக்குறைய ஒன்றரை வருஷச் சாமான். வாடகை வீடா, சொந்த வீடா என்பதும், கழற்றிய பிறகு சுவர் எப்படி இருக்கும் என்பதும் இதில் சேரும்.

## வழி 1: கதவு வேண்டாம், கூடவே இருந்து கற்றுக்கொடுக்கலாம்

இதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. குழந்தைக்குப் படியில் பழக்கம் வேண்டும், அடைத்து வைத்தால் பயமோ அசட்டுத் துணிச்சலோ வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை.

குழந்தைகள் படி ஏறக் கற்றுக்கொள்வது சராசரியாகப் பதினோரு மாத வாக்கில். இறங்கக் கற்றுக்கொள்வது பன்னிரண்டரை மாத வாக்கில். 2007-ல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வில் கண்ட கணக்கு இது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டிலேயே படி உள்ள குழந்தைகள் ஏறுவதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், இறங்குவதை அப்படிச் சீக்கிரம் கற்றுக்கொள்வதில்லை. ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத அந்த ஒன்றரை மாதம்தான் நெஞ்சு பதைக்கிற காலம். உங்கள் குழந்தைக்கு அது இன்னும் நீளமாகவும் இருக்கலாம்.

தவழும்போது கற்ற எச்சரிக்கை நடக்கும்போது கூட வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவழ்ந்து தவழ்ந்து, விளிம்பு வந்தால் நிற்கப் பழகிய குழந்தை, நடக்க ஆரம்பித்ததும் அதே விளிம்பில் கால் வைத்துவிடும். உடம்பு நிற்கிற விதமே புதிது, அதனால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. "போன மாசம் தெரிந்ததே, இப்போது ஏன் இப்படி?" என்று நாம் திகைப்பது இதனால்தான்.

இந்த வழிக்குக் காசு செலவில்லை என்று தோன்றும். ஆனால் குழந்தை விழித்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் அடிக்கும், அடுப்பில் பால் பொங்கும், இன்னொரு பிள்ளை அழும். எந்த மனிதராலும் பதினெட்டு மாதம் கண் இமைக்காமல் இருக்க முடியாது. அது அன்பில் குறை இல்லை.

கற்றுக்கொடுப்பதைக் கதவுக்கு மாற்றாக வைக்காதீர்கள், கதவோடு சேர்த்து வையுங்கள். கதவைத் திறந்து, நீங்கள் ஒரு படி கீழே நின்றுகொண்டு, குழந்தையைத் திருப்பி வயிறு படியில் படும்படி கிடத்தி, காலை முதலில் இறக்கச் சொல்லுங்கள். "திரும்பு, காலை நீட்டு" என்று ஒவ்வொரு தடவையும் அதே சொல்லைச் சொன்னால் அந்தச் சொல்லே பழகிவிடும். ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள்.

கதவே இல்லாமல் சமாளிக்கக்கூடிய இடங்கள்: படிக்கு ஏற்கெனவே பூட்டக்கூடிய கதவு இருக்கிற வீடு, ஒரே ஒரு படி இறக்கம் உள்ள அறை, இரண்டு வயது தாண்டிக் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்குகிற குழந்தை.

## வழி 2: அழுத்தி நிறுத்தும் கதவு

இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் வைத்து, நான்கு முனைகளில் உள்ள திருகைத் திருகினால் இறுகி நிற்கும் வகை. சுவரில் ஓட்டை வேண்டாம், பத்து நிமிட வேலை. வாடகை வீட்டுக்காரர்களுக்கும் பயணத்தில் எடுத்துச் செல்கிறவர்களுக்கும் இதுதான் முதலில் கண்ணில் படும்.

இதை மேல்படியில் வைக்கக்கூடாது. காரணம் இரண்டு. இறுக்கத்தில் மட்டுமே நிற்பதால், நாளாக ஆகத் திருகு தளரும். தளர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, இதன் அடியில் ஒரு குறுக்குக்கம்பி தரையை ஒட்டி ஓடும். கதவைத் திறந்தாலும் அந்தக் கம்பி அங்கேயே கிடக்கும். இரவில், தூக்கக் கலக்கத்தில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்படியில் அந்தக் கம்பி காலில் தட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கீழ்ப்படியிலும், அறை வாசலிலும் இது நன்றாகவே உதவும். ஆனால் அங்கேயும் ஒரு விஷயம். பெட்டிக்குள் நான்கு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். சுவரில் ஒட்டியோ திருகியோ வைத்து, கதவின் முனையை அதற்குள் உட்கார வைக்க வேண்டும். "ஓட்டை போட வேண்டாம் என்றுதானே வாங்கினோம்" என்று பலரும் அவற்றை அப்படியே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கிண்ணம் இல்லாமல் பல கதவுகள் தள்ளுவிசைச் சோதனையைத் தாங்குவதில்லை. இரண்டாம் கையாக வாங்கும் கதவில் முதலில் காணாமல் போயிருப்பதும் அதுதான்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், சுவர்ப்பூச்சில் அழுத்தத் தடம் விழும், பலவீனமான பூச்சு உதிரவும் செய்யும். அகலம் போதாமல் நீட்டிப்புக் கம்பி தனியாக வாங்க நேரும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் உருண்டையான கைப்பிடித் தூண் என்றால் அதற்கென்று தனி இணைப்பு வேண்டும். வாங்கும் முன்பே அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். சுவர் எங்கேயும் ஒரே நேராக இருப்பதில்லை.

இது பொருந்தும் இடம்: கீழ்ப்படி, சமையலறை வாசல், படுக்கையறை வாசல், சில மாதமே தங்கப்போகிற வீடு.

## வழி 3: ஸ்குரூ போட்டு மாட்டும் கதவு

சுவரிலோ தூணிலோ டிரில் போட்டு, பிளக் செருகி, ஸ்குரூவில் கீலை மாட்டி நிறுத்துவது. மேல்படிக்கு நான் மனதாரச் சொல்வது இதைத்தான். அடியில் குறுக்குக்கம்பி கிடையாது. திறந்தால் வழி முழுசும் திறந்துவிடும், காலில் தட்ட எதுவும் இருக்காது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு, இவற்றில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கதவு படியின் பக்கம் திறக்கக்கூடாது, தளத்தின் பக்கம்தான் திறக்க வேண்டும். படிப்பக்கம் திறந்தால் அதைப் பிடித்துத் தொங்குகிற குழந்தை படிக்கு மேலே போய்விடும். நாமும் கதவைத் தள்ளிக்கொண்டே முன்னால் சாய்வோம். படிப்பக்கம் திறக்காமல் தடுக்கும் நிறுத்தி பல கதவுகளில் தனியாக வரும், மறக்காமல் அதைப் பூட்டுங்கள். கீல் வருகிற பக்கம் உறுதியான பக்கமாக இருக்கட்டும், அந்தப் பக்கம்தான் எடை முழுவதையும் தாங்கும். செங்கல், கான்கிரீட் சுவரில் பிளக் நன்றாகப் பிடிக்கும். உள்ளே வெற்றிடமுள்ள பலகைச் சுவரில் வெறும் ஸ்குரூ நிற்காது, பின்னால் மரச்சட்டம் இருக்கிற இடம் பார்த்துத்தான் போட வேண்டும். கம்பிக் கைப்பிடியில் ஓட்டை போட முடியாவிட்டால், அதைக் கவ்விப் பிடிக்கும் இணைப்புகள் கிடைக்கின்றன. கண்ணாடித் தடுப்பு என்றால் நீங்களாக முயல வேண்டாம், தெரிந்தவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

கம்பிகளின் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. தலை சிக்காது, உடம்பு நுழையாது. குறுக்குக்கம்பிகள் ஏணி மாதிரி அமைந்திருந்தால் வாங்காதீர்கள், குழந்தைக்கு அது ஏறச் சொல்லி அழைப்பதுதான்.

இங்கே மறைந்திருக்கும் செலவு மாட்டுகிறவரின் நேரம், பிறகு ஓட்டைகளை அடைத்துப் பூசுவது, அப்புறம் தொடர் பராமரிப்பு. ஒருதரம் மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில், இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்து என் எடையைக் கொஞ்சம் கொடுத்து இழுத்துப் பார்ப்பேன். சின்னவன் காலத்தில் இரண்டு முறை கீழ்க்கீல் ஸ்குரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது.

தாழ்ப்பாளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டு "டக்" என்று கொண்டியில் விழுகிற வகை கிடைத்தால், மற்ற எந்த வசதியையும் விட்டுக்கொடுத்து அதை எடுங்கள். பெரியவள் படியில் நின்ற அன்றைக்குப் பிறகு நாங்கள் அதற்குத்தான் மாறினோம். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார் என்கிற அளவுக்கு அது பழகிப்போனது. ஆனால் கதவு லேசாகச் சாய்ந்துவிட்டால் சாத்தியது போலத் தெரியும், கொண்டி விழுந்திருக்காது. அதனால் காதுக்குச் சத்தம் கேட்டதா என்பதுதான் கணக்கு.

இது பொருந்தும் இடம்: மேல்படி என்றால் எந்த வீட்டிலும். சறுக்கலான படி, செங்குத்தான படி, நடுவில் திருப்பம் இல்லாமல் ஒரே நீளமாக இறங்கும் படி என்றால் தயங்கவே வேண்டாம்.

## வழி 4: சுருள் வலைத் தடுப்பு

ஒரு பக்கம் உருளைக்குள் சுருண்டிருக்கும் வலையை இழுத்து மறுபக்கக் கொக்கியில் மாட்டுவது. இதுவும் ஸ்குரூவில்தான் நிற்கிறது, அடியில் கம்பி இல்லை. திறந்தால் கதவு ஆடுவதற்கான இடமும் வேண்டாம். மேல்படியை ஒட்டியே ஓர் அறை வாசல் இருக்கிற குறுகலான இடத்திலும், சாதாரணக் கதவுக்கு எட்டாத அகலமான வழியிலும் இது நல்ல தீர்வு.

எனக்கு இதில் தயக்கம் உண்டு. இது தானாகச் சாத்திக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் இழுத்து, மாட்டி, உருளையைப் பூட்ட வேண்டும். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்வது சிரமம். பூட்ட மறந்தால் வலை தொய்ந்துவிடும், குழந்தை அடியில் நுழைந்துவிடும். ஒழுங்காகப் பூட்டினாலும் சாய்ந்தால் வலை கொஞ்சம் முன்னால் உப்பும்; அதனால் படி விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளியே மாட்ட வேண்டும். நிதானமான பெரியவர்கள் இருவர் மட்டும் உள்ள வீட்டில் சரிப்படும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் நான் இதை நம்ப மாட்டேன்.

## வழி 5: படியை விட்டுவிட்டு அறையை அடைப்பது

சுருள் படி, கைப்பிடியே இல்லாத படி, இரண்டு பக்கமும் திறந்த அகலமான படி என்று கதவு மாட்ட வழியே இல்லாத வீடுகள் உண்டு. அங்கே குழந்தை இருக்கிற அறையின் வாசலில் கதவு போடுவது புத்திசாலித்தனம். வாசல் அளவு சீராக இருக்கும், அழுத்தி நிறுத்தும் வகையே போதும். பெயர்ந்தாலும் குழந்தை சமதளத்தில்தான் விழும். கூடவே சமையலறை, குளியலறை ஆபத்துகளுக்கும் அதே கதவு காவல்.

இதன் விலை வேறு விதமானது. குழந்தையின் உலகம் ஓர் அறைக்குள் சுருங்கிவிடும். நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு ஓட இடம் வேண்டும். அந்த அறைக்குள் அலமாரி, இழுப்பறை, சன்னல், மின்சார வாய் எல்லாவற்றையும் சரிசெய்தாக வேண்டும், ஏனென்றால் கதவு இருக்கிற தைரியத்தில் நாம் அடுத்த அறைக்குப் போவோம். படியருகே விளையாட விடுகிற நேரத்துக்கு வேறு ஏற்பாடும் வேண்டும்.

நாற்காலியைக் கவிழ்த்து வைப்பது, பலகையைச் சாத்தி வைப்பது, அட்டைப்பெட்டிகளை அடுக்குவது பற்றியும் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில், வேண்டாம். தள்ளினால் அதுவே குழந்தைமேல் விழும்.

## ஒரே பார்வையில்

| | கதவில்லாமல் | அழுத்தி நிறுத்துவது | ஸ்குரூ கதவு | சுருள் வலை | அறை வாசல் கதவு |
|---|---|---|---|---|---|
| மேல்படிக்கு | போதாது | கூடாது | ஏற்றது | ஏற்றது, சரியாகப் பூட்டினால் | படிக்குப் போகும் வழியையே அடைக்கிறது |
| கீழ்ப்படிக்கு | போதாது | ஏற்றது | ஏற்றது | ஏற்றது | படிக்குப் போகும் வழியையே அடைக்கிறது |
| ஒரு கையால் சாத்த | பொருந்தாது | பெரும்பாலும் முடியும் | முடியும் | சிரமம் | முடியும் |
| காலில் தட்டுமா | இல்லை | அடிக்கம்பி தட்டும் | தட்டாது | தட்டாது | அடிக்கம்பி இருந்தால் தட்டும் |
| சுவருக்கு | ஒன்றுமில்லை | தடம் விழும் | ஓட்டை | ஓட்டை | தடம் விழும் |
| மறைந்த செலவு | முழுநேரக் கண்காணிப்பு | கிண்ணம், நீட்டிப்பு, அடிக்கடி இறுக்குவது | மாட்டுவது, பூசுவது, வாரச் சோதனை | ஒவ்வொரு தடவையும் பூட்டும் பொறுமை | அறை முழுவதையும் பாதுகாப்பாக்குவது |

## சரி, உங்கள் வீட்டுக்கு எது?

மேலும் கீழும் குழந்தை புழங்கும் வீடு என்றால், மேல்படிக்கு ஸ்குரூ கதவு, கீழ்ப்படிக்கு அழுத்தி நிறுத்துவது. இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க முடியாவிட்டால் மேல்படிக்கு முதலிடம். ஆனால் குழந்தை பகல் முழுக்கக் கீழேயே இருந்து, தூங்க மட்டும் மேலே தூக்கிச் செல்கிறீர்கள் என்றால், ஏறுகிற ஆபத்துதான் அதிகம்; அப்போது கீழ்ப்படியைத் திறந்து விடாதீர்கள்.

வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கழற்றும்போது ஓட்டையை அடைத்துப் பூசித் தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நாலு ஓட்டைக்குப் பயந்து மேல்படியில் அழுத்தி நிறுத்துகிற கதவை வைக்காதீர்கள். ஒப்புக்கொள்ளவே இல்லையென்றால் ஐந்தாவது வழிக்குப் போங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், கடையிலேயே அவர்களைக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். என் மாமியாருக்கு விரல் மூட்டு வலி. நாங்கள் முதலில் வாங்கிய கதவு, பொத்தானை அழுத்திக்கொண்டே மேலே தூக்க வேண்டிய வகை. அவரால் முடியவில்லை, சொல்லவும் சங்கடப்பட்டார். நாலாம் நாள் அவர் கதவைத் தாண்டிக் காலை எடுத்து வைத்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவைத் தாண்டுவது பெரியவர்களுக்கு வருகிற ஆபத்துகளில் மிக மோசமானது. அன்றே கடையில் கொடுத்து, நெம்பினால் திறக்கிற வகையாக மாற்றி வாங்கினோம்.

மூத்த பிள்ளை இருக்கிற வீட்டில், அவர்களைக் காவலாளி ஆக்கிவிடாதீர்கள். ஆறு வயதுக் குழந்தை மறக்கத்தான் செய்யும். தானாகச் சாத்திக்கொள்கிற கதவுக்கு இன்னொரு காரணம் அது.

படிப் பழக்கமும் வேண்டும், பயமும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கீழே கதவை முதல் படியில் வைக்காமல் மூன்றாம் படியில் வைத்தால், கீழே இரண்டு படி குழந்தைக்குக் கிடைக்கும். அடியில் கனமான விரிப்பு போட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஏறி இறங்கிக் கொண்டாடும். அந்த இடத்தில் கதவு உறுதியாகப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது? பத்து சென்டிமீட்டர் உருண்டை நுழையக்கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதி. அதற்கு மேல் இருந்தால், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே ஒரு வாசலைத் திறந்து வைத்த மாதிரிதான். சக்கரம் வைத்த நடைவண்டி வீட்டில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதில் உட்கார்ந்த குழந்தை மோதுகிற வேகம் வேறு. கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

யாராவது பழைய கதவைத் தருகிறேன் என்றால் வாங்கும் முன் வடிவத்தைப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக விரிந்து, சாய்சதுரமாக ஓட்டைகளும் மேலே "வி" மாதிரிப் பள்ளங்களும் உள்ள மரக்கதவு என்றால் வேண்டவே வேண்டாம். 1985-க்கு முன் செய்த அந்த வகையில் குழந்தைகளின் கழுத்தும் தலையும் சிக்கி உயிர் போயிருக்கிறது.

## எப்போது கழற்றுவது?

பெரும்பாலான கதவுகள் இரண்டு வயது வரைக்கும்தான். அதற்கு முன்பே குழந்தை தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாலோ, மேலேறக் கால் போட ஆரம்பித்தாலோ அன்றே கழற்ற வேண்டும். கதவின் உயரம் குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்குக்குக் கீழே போனாலும் அப்படித்தான். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், பாதுகாப்புத்தானே" என்று தோன்றும். ஆனால் கதவின் உச்சியிலிருந்து விழுகிற குழந்தை, படியிலிருந்து மட்டும் விழுவதைவிட உயரத்திலிருந்து விழுகிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை இத்தகைய கதவுகளாலேயே அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 37,000-க்கும் மேல். இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெரும்பாலும் பெயர்ந்த கதவாலோ திறந்து கிடந்த கதவாலோ படியில் விழுந்தவர்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் கதவிலேயே மோதியோ அதில் ஏறியோ வெட்டுக்காயம்.

கழற்றுவதற்கு முன்பு இரண்டு வாரம், பகலில் நீங்கள் கூட இருக்கிற நேரத்தில் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். குழந்தை கைப்பிடியைத் தானாகப் பிடிக்கிறதா, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறதா, கையில் பொம்மை இருக்கும்போதும் அதே நிதானம் இருக்கிறதா என்று கவனியுங்கள். காலுறையோடு வழுவழுப்பான படியில் இறங்க விடாதீர்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளை என்றால், படிக் கதவைக் கழற்றிய பிறகும் அதன் அறை வாசலில் கொஞ்ச காலம் ஒரு தடுப்பு இருக்கட்டும், படியருகே ஒரு சின்ன விளக்கும் எரியட்டும்.

சின்னவனுக்காகப் போட்டிருந்த கதவைக் கழற்றிய அன்று நான் இரண்டு படி கீழே போய் நின்றேன். அவன் மேலே நின்று, கதவு இருந்த இடத்தில் கையை நீட்டித் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்றதும் அப்படியே திரும்பி, வயிற்றை வைத்து, காலை நீட்டினான். மூன்றாம் படி வந்ததும் எழுந்து நின்று கைப்பிடியைப் பிடித்தான்.